கையில் உள்ள பச்சையும் நோட்டில் உள்ள கணக்கும்

(இம்மாதப் பாடம்)



சேமிப்பு, வங்கிக் கடன், ரத்தசோகை, குடும்ப வன்முறைச் சட்டம் என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் படித்து வந்திருக்கிறோம். இம்மாதம் பச்சை குத்துதல் பற்றிப் பேசப் போகிறோம். "இதெல்லாம் ஒரு பாடமா மேடம்?" என்று நீங்கள் கேட்கலாம். செவிலிமேட்டில் ஒரு குழுவில், கையில் இருந்த பச்சையால் ஒரு சகோதரியின் கடன் மனு இரண்டு மாதம் கிடப்பில் கிடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் குழுவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் வராது.

இப்பாடத்தின் நோக்கம்:

• பச்சை குத்தும் வழக்கம் நம்மிடம் எப்படி இருந்தது என்று தெரிந்து கொள்வது.
• பச்சையைப் பார்த்து ஒருவரை எடை போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா என்று யோசிப்பது.
• குத்திக் கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய உடல்நலச் செய்திகளை அறிவது.

1. கூட்டத்தில் நடந்தது

அந்தச் சகோதரிக்கு 26 வயது. வீட்டில் பட்டுக்குத் தார் சுற்றுகிறார். மீதி நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்குவதற்கு உள்கடனாக ரூ.20,000 கேட்டிருந்தார். முதல் மாதம் "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்றார்கள். இரண்டாம் மாதமும் அதே பதில்தான்.

மூன்றாம் மாதக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். சேமிப்புப் பதிவேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அந்தச் சகோதரி 22 மாதமாக ஒரு முறைகூட சந்தா தவறவில்லை. முன்பு வாங்கிய ரூ.5,000 கடனைத் தவணை முடியும் முன்பே அடைத்திருக்கிறார். குழுவின் கணக்கில் பணமும் இருக்கிறது. பிறகு என்ன தடை என்று கேட்டேன். ஊக்குநர் பிரதிநிதியைப் பார்த்தார். பிரதிநிதி தரையைப் பார்த்தார். கடைசியில் மூத்த உறுப்பினர் ஒருவர்தான் சொன்னார்:

"அவ கையைப் பாத்தியாம்மா? புருஷன் பேரு ஒண்ணு, கையில இருக்கற பேரு ஒண்ணு. நாளைக்கு வூட்டுல பிரச்சினை ஆயி அவ எங்கியாவது போயிட்டா, பணத்தை யாரு கட்றது?"

அந்தச் சகோதரியின் இடது முன்கையில் தமிழ் எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. 17 வயதில், திருவிழாக் கடையில் குத்திக் கொண்டது. இந்தப் பேச்சு நடக்கும்போது அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். முந்தானையை இழுத்துக் கையை மூடிக் கொண்டார்.

அடுத்து நான் சொன்னதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "நீ முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கோம்மா. கூட்டத்துக்கும் பேங்குக்கும் வரும்போது பிரச்சினையே இருக்காது" என்றேன். நல்லது சொன்னதாகத்தான் நினைத்துக் கொண்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மேடம், நீங்களும் இப்படிச் சொல்றீங்களா? அது யாரு பேருன்னு நான் சொன்னாதான் கடன் குடுப்பீங்களா? என் கையைப் பாக்காதீங்க. நான் கட்டினதை நோட்டுல பாருங்க."

அன்று முடிவு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் சிறப்புக் கூட்டம் போட்டு, பச்சை குத்துவது பற்றியே மனம்விட்டுப் பேசுவது என்று முடிவானது. அந்தக் கூட்டத்துக்காக நான் படித்ததும், அங்கே சகோதரிகள் பேசியதும் சேர்ந்ததுதான் இந்தப் பாடம்.

2. நம் பாட்டிகளின் கை

உங்கள் வீட்டில் வயதான ஆயா இருந்தால் அவர் கையைப் பாருங்கள். முன்கையில் கோலம், மயில், தேள், நட்சத்திரம், துளசி மாடம், தாடையில் புள்ளி என்று ஏதாவது இருக்கும். நேற்று வந்த பழக்கமில்லை இது. நீலகிரியில் தோடர் பெண்களும் தாடையிலும் கையிலும் புள்ளி வைத்துக் குத்திக் கொண்டவர்கள்தான்.

ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள். கூடையில் ஊசியும் மையும் எடுத்துக்கொண்டு தெருவில் வருவார்கள். திண்ணையில் உட்கார வைத்து, வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலியாக அரிசி, பழந்துணி, சில்லறை வாங்கிக் கொள்வார்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பச்சைக்கு மை செய்யும் முறையையும் அதில் எழுதியிருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெய் அகலில் அந்தத் திரியை ஏற்றிப் புதுச் சட்டியால் மூடுவார்கள். சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். தையல் ஊசிகள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டினால் அதுதான் கருவி.

கறுப்பு மைதானே, ஏன் பச்சை என்கிறோம்? கரி நம் தோலின் மேல் அடுக்கில் நிற்பதில்லை. மேல் அடுக்கு நாளுக்கு நாள் உதிர்ந்து புதிதாகிக் கொண்டே இருக்கும். அதற்குக் கீழே உள்ள அடுக்கில் போய் மை தங்கிவிடுகிறது. உடலின் காப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருள் என்று விழுங்கி, வெளியேற்ற முடியாமல் அங்கேயே வைத்துக் கொள்கின்றன. தோல் வழியாகப் பார்க்கும்போது அந்தக் கறுப்பு, பச்சையும் நீலமும் கலந்த நிறமாகத் தெரிகிறது. அதனால்தான் ஆயுள் முழுக்க அழிவதில்லை.

இவ்வளவு கைத்திறன் தெரிந்த அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? 1871-இல் வெள்ளைக்கார அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டு வந்தது. 1911 முதல் அது சென்னை மாகாணத்திலும் வந்தது. குறவர் மக்களில் பல பிரிவினர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பிறந்த குழந்தையும் குற்றவாளிச் சாதி என்று அரசு எழுதி வைத்தது. 1952-இல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. சட்டம் போன பிறகும் சந்தேகப் பார்வை போகவில்லை. நம் கையில் அழகுக்குக் கோலம் குத்தியவரை நாமே வீட்டுக்குள் விடாமல் திண்ணையிலேயே உட்கார வைத்தோம்.

3. ஒரே தோல், பல பார்வை

சிறப்புக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். "உடம்பில் குறி வைத்துக் கொள்வது எல்லாமே தப்பா?" உடனே ஒரு அக்கா, "எங்க மாமனாருக்குத் தோள்ல சங்கு சக்கரம் இருக்கே, அது எப்படித் தப்பாகும்?" என்றார்.

உண்மைதான். நம் காஞ்சிபுரத்தில் வைணவக் குடும்பங்களில் சமாசிரயணம் என்று செய்வார்கள். சங்கு, சக்கர முத்திரைகளை நெருப்பில் காய்ச்சித் தோளில் ஒற்றிக் கொள்வார்கள். இராமானுஜர் செவிலிமேட்டை அடுத்த சாலைக் கிணற்றிலிருந்து வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. அந்தத் தோள் முத்திரையை இங்கே யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. மரியாதையாகத்தான் பார்க்கிறோம்.

அடுத்து, ஆண்களைப் பாருங்கள். கட்சிக் கொடியையும் தலைவர் முகத்தையும் கையில் குத்திக் கொண்டவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? சினிமா நடிகர் பெயரை நெஞ்சில் குத்திக் கொண்ட பையன்கள் எத்தனை பேர்? அவர்களிடம் போய் "இவனுக்கு எப்படிக் கடன் கொடுப்பது?" என்று யாராவது கேட்டிருக்கிறோமா? ஒரு பெண் கையில் ஒரு பெயர் இருந்தால் மட்டும் அவள் நடத்தை வரைக்கும் போய்விடுகிறோம்.

வயதும் சாதியும் வசதியும்கூட நம் பார்வையை மாற்றுகின்றன. ஆயா கையில் இருந்தால் பட்டிக்காடு. கூலி வேலைக்குப் போகும் பெண் கையில் இருந்தால் ஒரு மாதிரி. சென்னையில் ஏ.சி. கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து அதே கோலத்தைக் குத்திக்கொண்டு வந்தால் அதற்குப் பேர் டாட்டூ, ஃபேஷன்.

நியூசிலாந்து நாட்டில் மாவோரி என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் தாடையில் பச்சை குத்திக் கொள்வது பரம்பரை வழக்கம். நனாயா மஹுதா என்ற பெண் எம்.பி. 2016-இல் தன் தாடையில் அதைக் குத்திக் கொண்டார். 2020-இல் அவரே அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். தாடைப் பச்சையோடுதான் உலகத் தலைவர்களைச் சந்தித்தார். நம் ஆயாக்களுக்கும் தாடையில் புள்ளி இருந்தது. நாம் அதை வெட்கம் என்று நினைத்தோம்.

நாம் என்று பொதுவாகச் சொல்வதைவிட நான் என்றே சொல்கிறேன். என் ஆயாவுக்கு இரண்டு முன்கையிலும் பச்சை, தாடையில் மூன்று புள்ளி. நான் சமூகப்பணி படித்து முடித்துப் பட்டம் வாங்கிய விழாவுக்கு அவரை அழைத்துப் போகவில்லை. "பஸ்ல உனக்குக் கஷ்டம் ஆயா" என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், கூடப் படித்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். நெல் அறுத்துச் சேர்த்த காசில் எனக்கு முதல் வருட ஃபீஸ் கட்டிய கை அது. ஆயா இப்போது இல்லை. அந்தச் சகோதரியிடம் "முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கோ" என்று நான் சொன்னதற்கும் இதே வெட்கம்தான் காரணம் என்று அன்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. சிறப்புக் கூட்டத்தில் இதைச் சொல்லி அவரிடம் வருத்தம் தெரிவித்தேன்.

4. சகோதரிகள் சொன்னவை

சரி தப்பு பார்க்காமல் ஒவ்வொருவரும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், குறுக்கே பேசக் கூடாது என்று விதி வைத்தோம். வந்த கருத்துகளில் சில:

"எங்கம்மா எங்கப்பா பேரை வாயால சொல்லவே மாட்டாங்க. ரேஷன் கடையில கேட்டா கையைக் காட்டுவாங்க. பச்சையில படிச்சுக்குவாங்க."

"சாகும்போது மூக்குத்தி, தாலி எல்லாம் கழட்டிடுவாங்க. கூட வர்றது இது ஒண்ணுதான்னு எங்க ஆயா சொல்லும்."

"எனக்குப் பிடிக்காது. கடவுள் குடுத்த தோலு, அதுல எதுக்குக் கிறுக்கணும்? எம் பொண்ணு கேட்டா நான் விட மாட்டேன்."

"பொண்ணு பாக்க வர்றவங்க முதல்ல கையைத்தான் பாக்கறாங்க. நமக்குப் பரவால்லன்னாலும் அவங்க வூட்டுல ஒத்துக்கணுமே."

"என் பையன் என் பேரைக் குத்திக்கிட்டு வந்தான். அடிச்சேன். அப்புறம் அழுதேன்."

ஒரு தங்கை கடைசி வரைக்கும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இஷ்டமே இல்ல. எப்பப் பாத்தாலும் சந்தேகம். அவர் பேரைக் குத்திக்கிட்டாதான் நம்புவேன்னு கூட்டிட்டுப் போயி குத்த வெச்சாரு."

அந்த இடத்தில் கூட்டம் அமைதியானது. புருஷன் பெயர் கையில் இருப்பதால் அவர் மேல் குழுவில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. நல்ல பெண் என்றுதான் நினைத்திருந்தோம். அவர் கஷ்டம் யாருக்கும் தெரியவில்லை.

5. யார் எடுத்த முடிவு?

இந்தத் தங்கை சொன்னதுதான் பாடத்தில் முக்கியமான இடம். பச்சை அழகா, அசிங்கமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அதை யார் முடிவு செய்தார்கள் என்பது.

வெள்ளைக்காரர் காலத்தில், வங்காளத்திலும் நம் சென்னை மாகாணத்திலும் சில கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை இருந்தது. தண்டனை முடிந்து வெளியே வந்தாலும் நெற்றி எழுத்து போகாது. யாரும் வேலை தர மாட்டார்கள். 1849-இல் அந்தத் தண்டனை நிறுத்தப்பட்டது.

நிறுத்தப்பட்டு 144 வருடம் கழித்து, சுதந்திர இந்தியாவில் என்ன நடந்தது பாருங்கள். 1993 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில், பிக்பாக்கெட் அடித்ததாகப் பிடிக்கப்பட்ட நான்கு பெண்களின் நெற்றியில் போலீசார் "ஜேப் கத்ரி" என்று பச்சை குத்தினார்கள். பாக்கெட் திருடி என்று அதற்குப் பொருள். அந்தப் பெண்கள் வழக்கு நடத்தினார்கள். 2016 அக்டோபரில் பாட்டியாலாவில் உள்ள சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் மூன்று காவல்துறையினரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்துச் சிறைத்தண்டனை விதித்தது. நீதி கிடைக்க 23 வருடம் ஆனது.

அந்தப் பெண்களின் நெற்றியில் போலீஸ் எழுதியது. நம் தங்கையின் கையில் புருஷனின் சந்தேகம் எழுதியது. நம் ஆயாக்கள் பலர் தங்கள் விருப்பத்தில் குத்திக் கொண்டார்கள், சிலரைச் சின்ன வயதில் பிடித்து உட்கார வைத்துக் குத்தினார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சைதான். அந்தப் பெண்ணுக்கு அதில் சம்மதம் இருந்ததா என்பது பார்த்தால் தெரியாது. அதனால்தான் கையைப் பார்த்து ஒரு பெண்ணின் கதையை நாமே எழுதிவிடக் கூடாது.

கட்டாயப்படுத்திப் பச்சை குத்த வைப்பதும் உடலுக்குச் செய்யும் வன்முறைதான். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2005-இன் கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாம். மகளிர் உதவி எண் 181. கூட்டத்தில் பேசிய தங்கையுடன் பிறகு தனியாகப் பேசினேன். எந்த உதவி எப்போது வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார்.

6. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

"என் உடம்பு, என் இஷ்டம்" என்று பிள்ளைகள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. 18 வயதுக்கு மேல் அது அவர்கள் முடிவு. ஆனால் முழு விவரம் தெரிந்து எடுத்தால்தான் அது முடிவு. கீழே உள்ளவற்றை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

ஊசி: வைகாசி கருடசேவை போன்ற திருவிழாக் கூட்டத்தில், தெருவோரம் பேட்டரி மிஷினில் குத்துகிறார்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியையும், அதே கிண்ணத்து மையையும் அடுத்தவருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி கிருமிகளும், எச்.ஐ.வி. கிருமியும் பரவலாம். புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். மையைப் புதுச் சின்னக் குப்பியில் தனியாக ஊற்ற வேண்டும். கையில் புதுக் கையுறை போட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி வராமல் இருக்கத் தடுப்பூசி உண்டு.

பரிசோதனை: ஏற்கெனவே பழைய ஊசியில் குத்திக் கொண்டதாகச் சந்தேகம் இருந்தால் பயப்படாமல் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். விவரத்தை ரகசியமாக வைப்பார்கள். தகவலுக்கு இலவச எண் 1097. காமாலைக் கிருமிக்கான ரத்தப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

யார் தள்ளிப் போட வேண்டும்: கர்ப்பிணிகள், தோலில் அலர்ஜி உள்ளவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காயம் ஆறினாலும் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குத்திக் கொள்ளக் கூடாது.

குத்திய பிறகு: அது ஒரு காயம். சுத்தமான தண்ணீரில் கழுவி உலர வைக்க வேண்டும். சாம்பல், சாணம், எச்சில் எதுவும் தடவக் கூடாது. சீழ், காய்ச்சல், வீக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்ததானம்: பச்சை குத்திக் கொண்டவர்கள் ஓராண்டு வரை ரத்தம் கொடுக்கக் கூடாது. முகாமில் கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேலை: போலீஸ், ராணுவம் போன்ற சீருடைப் பணிக்குத் தயாராகும் பிள்ளைகள் கட்டாயம் யோசிக்க வேண்டும். உதாரணமாக, மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடது முன்கையின் உட்புறம், புறங்கை போன்ற இடங்களில் சிறிய அளவில் இருந்தால்தான் அனுமதி. அந்த உறுப்பின் அளவில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் இடது முன்கைக்கு மட்டும் இந்த விதி. எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் அறிவிப்பில் இது பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

அழிப்பது: லேசர் சிகிச்சையில் மங்க வைக்கலாம். ஒரே தடவையில் போகாது. பல வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும், செலவும் அதிகம். கறுப்பு மை ஓரளவு போகும். கலர் மை போவது கடினம். சுண்ணாம்பு, ஆசிட், சூடு வைத்து அழிக்கப் பார்க்காதீர்கள். பச்சை போகாது, தோல்தான் வெந்து போகும்.

கறுப்பு மருதாணி: குத்தாமல் ஒட்டும் டாட்டூ என்று சொல்லிக் கறுப்பு மருதாணி போடுகிறார்கள். அதில் தலைச்சாயத்தில் உள்ள ரசாயனத்தைக் கலந்தால் கொப்புளம் வரலாம், தழும்பும் நிற்கலாம். வீட்டில் அரைத்த மருதாணி சிவப்பாகத்தான் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. 17 வயதில் பிடித்தது 27 வயதில் பிடிக்காமல் போகலாம். ஒரு படமோ பெயரோ குத்திக் கொள்ள ஆசை வந்தால், அதைக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி ஒரு வருடம் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் யோசிக்கலாம். அடித்தும் திட்டியும் தடுத்தால் பிள்ளைகள் தெருவோரக் கடைக்குத்தான் ஒளிந்து போவார்கள்.

7. குழு எடுத்த முடிவு

சிறப்புக் கூட்டத்தின் முடிவில் கடன் மனு மறுபடி எடுக்கப்பட்டது. தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதினார்கள்: "உறுப்பினர்களின் கடன் மனுவை அவர்களுடைய சேமிப்பு, வருகை, முந்தைய கடன் திருப்பிய விதம், தொழில் தேவை ஆகியவற்றை வைத்து மட்டுமே முடிவு செய்வது. உடை, தோற்றம், சொந்த வாழ்க்கை பற்றிக் கூட்டத்தில் கேள்வி எழுப்புவதில்லை."

முதலில் எதிர்த்துப் பேசிய மூத்த உறுப்பினரிடம் நோட்டு போனது. அவர் சொன்னார்: "எனக்கு இன்னமும் அது பிடிக்கல. அத நான் மறைக்க மாட்டேன். ஆனா நோட்டுல ஒரு தப்பும் இல்ல." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் நேர்மையை நான் மதிக்கிறேன். பிடிக்காமல் இருப்பது அவரவர் மனசு. பிடிக்காததால் ஒருவருக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வைப்பதுதான் குழுவுக்கு ஆகாது.

அந்தச் சகோதரி மெஷின் வாங்கிவிட்டார். இதுவரை நான்கு தவணை கட்டியிருக்கிறார். போன மாதம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். அரைக்கை ஜாக்கெட்தான் போட்டிருந்தார். "உங்களுக்கு எவ்வளவு கை வைக்கணும் மேடம், முழுக்கையா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பெயர் யாருடையது என்று நான் கேட்கவில்லை. குழுவில் யாரும் கேட்கவில்லை.

குழுவில் கலந்து பேச:

1. உங்கள் குழுவில் யாருக்காவது கடனோ பொறுப்போ கொடுக்கத் தயங்கியிருக்கிறீர்களா? உண்மையான காரணம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறதா?
2. உங்கள் அம்மா, ஆயா, மாமியார் கையில் உள்ள பச்சையை யார் குத்தியது, எத்தனை வயதில், யார் சொல்லி? அவர்களிடமே கேட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.
3. ஒரே பச்சை ஆணுக்கு இருந்தால் எப்படிப் பார்க்கிறோம், பெண்ணுக்கு இருந்தால் எப்படிப் பார்க்கிறோம்?
4. உங்கள் மகளோ மகனோ பச்சை குத்திக் கொள்ள வேண்டும் என்று கேட்டால் முதலில் என்ன கேள்வி கேட்பீர்கள்?

செய்து பாருங்கள்: படம் வரையத் தெரிந்த பிள்ளைகளை விட்டு, உங்கள் தெருவில் உள்ள மூத்த பெண்களின் கையில் இருக்கும் கோலங்களை, அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்து வாருங்கள், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

தோழமையுடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்